லுகேமியாவில் ஆய்வு மருந்தா, வழக்கமான சிகிச்சையா: எதை எதோடு ஒப்பிடுவது?

அக்காவுக்கு அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற, வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய் உறுதியான நான்காம் நாள், ஆய்வுப் பிரிவு நர்ஸ் 31 பக்க ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்தார். "நிதானமா படிங்கம்மா, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு" என்றார். இந்த நோயில் நாளைச் சாயங்காலம் என்பதே நீண்ட அவகாசம். அக்கா முதல் பக்கத்தைப் பார்த்தாள், ஒன்பதாம் பக்கத்துக்குத் தாவினாள், அங்கேயே விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "டேய், இதுல பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரைன்னு போட்டிருக்குடா. நான் அந்தப் பாதியில விழுந்துட்டா?" எனக்குப் பதில் தெரியவில்லை. வெளியே வராந்தாவில் அத்தான், "சோதனை எலி ஆக்கிடுவாங்க, வேண்டவே வேண்டாம்" என்று ஒரே பிடியாக நின்றார்.

அந்த 31 பக்கத்தையும் அன்றிரவு மூன்று முறை படித்தேன். அதற்குப் பிறகான வருடங்களில், இதே நிலையில் தவித்த சில குடும்பங்களோடு உட்கார்ந்து அவர்களுடைய படிவங்களையும் படித்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. முடிவை உங்கள் டாக்டரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் "ஆய்வில் சேரலாமா, வேண்டாமா" என்று மொட்டையாகக் கேட்டால் எந்த டாக்டராலும் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது என்பது எனக்குப் புரிந்திருக்கிறது. ஆய்வு என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. அதனால் நான் இப்படிக் கேட்கச் சொல்வேன்: இந்த ஆய்வில் சேர்ந்தால் எனக்குக் கிடைக்கக்கூடியதில் ஆகக் குறைந்தது எது? ஆய்வுக்கு வெளியே இன்றைக்கு எனக்குக் கிடைக்கக்கூடியதில் ஆகச் சிறந்தது எது? இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே அடங்கிவிடும்.

முதலில் நோயின் பெயரை முழுசாகக் கேளுங்கள்

"பிளட் கேன்சர்" என்று சொல்லிவிட்டு ஆய்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. அக்யூட் லுகேமியாவில் இரண்டு பெரிய கிளைகள்: குழந்தைகளிடம் அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையான ஏ.எல்.எல்.; வயதானவர்களிடம் அதிகம் வரும் மைலாய்டு வகையான ஏ.எம்.எல். அதற்குள் எந்த மரபணு மாறியிருக்கிறது என்பதைப் பொறுத்து மேலும் பல பிரிவுகள். எஃப்.எல்.டி.3, ஐ.டி.எச்.1, என்.பி.எம்.1, கே.எம்.டி.2ஏ, பிலடெல்ஃபியா குரோமோசோம் என்று உங்கள் அறிக்கையில் வரும் சொற்கள்தான் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று சொல்கின்றன.

ஏ.எம்.எல்.-இல் ஒரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். புரோமைலோசைட்டிக் லுகேமியா, சுருக்கமாக ஏ.பி.எல். ஒரு காலத்தில் ரத்தக்கசிவால் சில நாட்களிலேயே உயிரைப் பறித்த நோய். ஷாங்காய் டாக்டர்கள் வைட்டமின் ஏ-யின் உறவான ஏ.டி.ஆர்.ஏ. மருந்தை 24 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். ஹார்பின் நகர டாக்டர்கள் ஆர்செனிக்கைக் கொண்டுவந்தார்கள். 2013-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, அதிக ஆபத்தில்லாத ஏ.பி.எல். நோயாளிகளுக்கு இந்த இரண்டை மட்டும், கீமோவே இல்லாமல் கொடுத்தது. இரண்டு வருட முடிவில் 99 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கீமோவோடு ஏ.டி.ஆர்.ஏ. பெற்றவர்களில் 91 சதவீதம். வெளியே கிடைப்பதே இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது, அதை மாற்றிப் பார்க்கும் ஆய்வு ஒன்றை யாராவது முன்வைத்தால் மிக நன்றாக விளக்கச் சொல்லுங்கள். ஏ.பி.எல். என்ற சந்தேகம் வந்தவுடனேயே, மரபணு அறிக்கைக்குக் காத்திருக்காமல் ஏ.டி.ஆர்.ஏ. தொடங்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மற்ற ஏ.எம்.எல். நோயாளிகள் எல்லோருக்கும் அந்த அவசரம் இல்லை. "உடனே ஆரம்பிக்கலைன்னா போச்சு" என்ற பயத்தில் நாங்களும் இருந்தோம். ஜெர்மனியில் 2,263 ஏ.எம்.எல். நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். நிலை சீராக இருப்பவர்களுக்கு, பரிசோதனை முடிவு வரும்வரை சில நாட்கள் காத்திருந்ததால் பிழைக்கும் வாய்ப்பு குறையவில்லை. வெள்ளை அணு எண்ணிக்கை மிக அதிகமாக ஏறியவர்களும் மூச்சுத் திணறல் போன்ற அவசர நிலையில் இருப்பவர்களும் இதில் சேர மாட்டார்கள். மற்றவர்கள் "மரபணு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம். அந்த அறிக்கை இல்லாமல் ஆய்வையும் ஒப்பிட முடியாது, வழக்கமான சிகிச்சையையும் ஒப்பிட முடியாது.

முதல் முறை, உடம்பும் தாங்கும் என்றால்

அக்காவுக்கு அப்போது 58 வயது. இதயம், சிறுநீரகம் எல்லாம் நன்றாக இருந்தன. அந்த நிலையில் உள்ள ஏ.எம்.எல். நோயாளிக்கு அடிப்படைச் சிகிச்சை, டாக்டர்கள் பேச்சில் "செவன் ப்ளஸ் த்ரீ". சைட்டராபின் ஏழு நாள் இடைவிடாமல் சொட்டு சொட்டாக ஏறும்; கூடவே முதல் மூன்று நாள் டானோரூபிசின். 1970-களில் வந்த முறை. ஐம்பது வருடமாக அடித்தளம் அதுதான். அதன்மேல் எதைச் சேர்ப்பது என்பதில்தான் ஆய்வுகள் நடந்துவந்திருக்கின்றன.

அக்காவின் பயத்துக்கான பதிலும் இங்கேதான் இருந்தது. அவளுடைய ஆய்வு மூன்றாம் கட்டம், அதாவது புது மருந்தை வழக்கமான சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிடும் கட்டம். இரண்டு பிரிவுக்கும் செவன் ப்ளஸ் த்ரீ உண்டு. ஒரு பிரிவுக்கு அதோடு புது கேப்சூல். மறு பிரிவுக்கு அதே மாதிரி தோற்றத்தில் மருந்தில்லாத கேப்சூல். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மறுநாள் டாக்டர் வந்து, படிவத்தின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு கோடு போட்டார். இரண்டு கோட்டின் மேலும் 7+3 என்று எழுதினார். மேல்கோட்டின் முனையில் மட்டும் ஒரு வட்டம். "அம்மா, உங்களுக்கு ஆய்வுக்கு வெளியே நான் கொடுக்கப்போறது இந்தக் கீழ்க்கோடுதான். உள்ள வந்தா ஒண்ணு அதே கீழ்க்கோடு, இல்லேன்னா மேல்கோடு." அக்கா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினாள்.

அக்யூட் லுகேமியாவுக்கான மூன்றாம் கட்ட ஆய்வில், நோய் இன்னும் அடங்காத நிலையில் எந்த மருந்தும் கொடுக்காமல் போலி மாத்திரையை மட்டும் கொடுத்து ஒருவரைப் படுக்கவைக்க எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. அந்த நிலையில் போலி மாத்திரை வந்தால் அது அடிப்படைச் சிகிச்சையின்மேல் சேர்ந்துதான் வரும். இதைப் படிவத்தில் தேடிப் பிடித்து, அடிக்கோடு போட்டு, வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களின் "சோதனை எலி" பயத்தில் பெரும்பகுதி அங்கே கரையும்.

மேல்கோட்டின் வட்டத்துக்கு என்ன மதிப்பு? எஃப்.எல்.டி.3 மரபணு மாறிய நோயாளிகளுக்கு மிடோஸ்டாரின் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்த ராட்டிஃபை ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2008-இல் ஆள் சேர்க்கத் தொடங்கி, 3,277 பேரைப் பரிசோதித்து, 60 வயதுக்கு உட்பட்ட 717 பேரைச் சேர்த்தார்கள். முடிவு வெளியானது 2017-இல். பாதிப் பேர் உயிரோடிருந்த காலத்தைக் கணக்கிட்டால் புது மருந்துப் பிரிவில் 74.7 மாதம், போலி மாத்திரைப் பிரிவில் 25.6 மாதம். பார்த்தால் மும்மடங்கு. ஆனால் நான்கு வருடத்தில் உயிரோடிருந்தவர்களை எண்ணினால் 51.4 சதவீதமும் 44.3 சதவீதமும். அதாவது 14 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் நான்கு வருட முடிவில் ஒருவர் கூடுதலாக உயிரோடு இருப்பார். இரண்டு எண்ணும் உண்மைதான். வரைபடத்தில் பிழைத்தவர்களின் கோடு 50 சதவீதத்துக்கு அருகில் வந்து படுத்துவிட்டதால் முதல் கணக்கு அப்படித் தாவிக் காட்டுகிறது. யாராவது "மாதக் கணக்கு" சொன்னால் உடனே "நூறு பேரில் எத்தனை பேர், எத்தனை வருடத்தில்?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் டாக்டர்கள் இந்தக் கேள்வியை மதிக்கிறார்கள்.

பதினான்கில் ஒருவர் என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். அந்த ஒருவர் யாருடைய வீட்டில் இருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வில் குலுக்கலில் மேல்கோட்டுக்குப் போனவர்களுக்கு, வெளியே இருந்தவர்களைவிடப் பல வருடம் முன்னதாகவே மருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அக்கா கையெழுத்துப் போட்டாள். எந்தக் கோட்டில் விழுந்தாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கீழ்க்கோடு பழசாகிவிட்டதா?

இது முக்கியம், ஆனால் பலரும் கவனிக்காமல் விடுவது. ஆய்வின் ஒப்பீட்டுப் பிரிவு, இன்றைய சிறந்த சிகிச்சையாக இருக்கிறதா? ஆய்வைத் திட்டமிட்டது ஐந்து வருடம் முன்பாக இருக்கலாம். அதற்குள் வெளியுலகம் நகர்ந்திருக்கும்.

பி-செல் ஏ.எல்.எல்.-இல் இது கண்முன்னே நடந்தது. பிளினாடுமோமாப் என்ற மருந்து ஒரு கையால் லுகேமியா செல்லையும், மறு கையால் நம் நோய் எதிர்ப்பு அணுவான டி-செல்லையும் பிடித்து இரண்டையும் மோதவிடும். கீமோவில் நோய் அடங்கி, நுண்ணிய சோதனையிலும் மிச்சநோய் எதுவும் தெரியாத 30 முதல் 70 வயதுக்காரர்கள் 224 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று வருடத்தில் கீமோ மட்டும் பெற்றவர்களில் 68 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். பிளினாடுமோமாப் சேர்த்தவர்களில் 85 சதவீதம். 2024-இல் வெளியான முடிவு. அதே வருடக் கடைசியில் குழந்தைகள் ஆய்வின் முடிவும் வந்தது. சாதாரண ஆபத்து வகை என்று கருதப்பட்ட குழந்தைகளிலேயே, மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 87.9 சதவீதத்திலிருந்து 96 சதவீதத்துக்கு ஏறினார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் குலுக்கலை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இந்த முடிவுகளுக்குப் பிறகு, அதே வகை நோயாளியை வெறும் கீமோ மட்டுமே உள்ள ஒப்பீட்டுப் பிரிவில் போடும் ஆய்வு ஒன்று உங்கள் கைக்கு வந்தால், கீழ்க்கோடு வெளியே கிடைப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். அப்போது "வெளியே பிளினாடுமோமாப் கிடைக்குமா?" என்று கேட்டாக வேண்டும். கிடைக்கும் என்றால் நான் வெளியேதான் இருப்பேன். கிடைக்க வழியே இல்லாத இடம் என்றால் கணக்கு மாறும். அங்கே ஆய்வின் மேல்கோடுதான் அந்த மருந்துக்கு ஒரே வாசலாக இருக்கலாம். அதனால்தான் ஒரே ஆய்வு ஒருவருக்கு நல்ல வாய்ப்பாகவும், இன்னொருவருக்கு நஷ்டமாகவும் அமைகிறது.

குழந்தைகளைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. 1948-இல் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதைக் காட்டினார். இன்று நல்ல சிகிச்சை வசதி உள்ள நாடுகளில் குழந்தைகளின் ஏ.எல்.எல்.-இல் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இடையில் வந்த ஒவ்வொரு படியும், ஏதோ ஒரு தாயும் தகப்பனும் இதே மாதிரி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் ஏறிய படி.

உடம்பு தாங்காதவர்களுக்கு

75 வயது தாண்டியவர்களுக்கும், வேறு பெரிய நோய்கள் உள்ளவர்களுக்கும் செவன் ப்ளஸ் த்ரீ பெரும்பாலும் பொருந்தாது. முன்பு அசாசிடிடின் ஊசி மட்டும் போடுவார்கள். வெனடோக்ளாக்ஸ் மாத்திரையை அதோடு சேர்த்த 431 பேர் ஆய்வு 2020-இல் வெளிவந்த பிறகு அடித்தளமே மாறியது: பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமானது, நோய் அடங்கியவர்கள் 28.3 சதவீதத்திலிருந்து 66.4 சதவீதமானார்கள். இதற்கு விலையும் உண்டு. வெள்ளை அணு வற்றிக் காய்ச்சல் கண்டவர்கள் 19 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். ஐ.டி.எச்.1 மாறியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அசாசிடிடினோடு ஐவோசிடெனிப் சேர்த்த 146 பேர் ஆய்வில் 7.9 மாதம் 24 மாதமானது. மரபணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஆக, இந்த வயதுக்காரர்களுக்கு இன்று வரும் ஆய்வுகள் பெரும்பாலும் "அந்த இரண்டு மருந்தோடு மூன்றாவதாக ஒன்று" என்ற வடிவில் வருகின்றன. கீழ்க்கோடு நன்றாகவே இருக்கிறது. கவனிக்க வேண்டியது மேல்கோடு. மூன்றாவது மருந்து எப்போதும் நன்மைதான் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. மாக்ரோலிமாப் என்ற மருந்து ஆரம்பக் கட்ட ஆய்வுகளில் எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. வெனடோக்ளாக்ஸ், அசாசிடிடினோடு அதைச் சேர்த்த மூன்றாம் கட்ட ஆய்வு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பலன் இல்லை, கூடவே தொற்றாலும் மூச்சுத் திணறலாலும் மரணங்கள் அதிகமாயிருந்தன. அந்த ஆய்வில் மேல்கோட்டில் விழுந்தவர்கள் நஷ்டப்பட்டார்கள். இதை மறைத்துவிட்டு ஆய்வில் சேருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஜெம்டுசுமாப் என்ற மருந்தின் கதை இன்னும் நீளம். 2000-இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது. கீமோவோடு சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வில் ஆரம்பகால மரணங்கள் கூடியதால் 2010-இல் திரும்பப் பெற்றார்கள். பிறகு அளவைக் குறைத்து, பிரித்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. 2017-இல் மறுபடி அனுமதி. அதே மருந்து, வேறு அளவு. "புதிது" என்ற சொல்லுக்கு மயங்காமலும் மிரளாமலும், "இந்த அளவில் இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அவர்களுக்கு என்ன ஆனது?" என்று கேட்க இந்த இரண்டு கதையும் போதும்.

நோய் திரும்பியவர்களின் கணக்கு வேறு

இங்கே வரும்போது எனக்குக் குரல் தாழ்ந்துவிடும். நோய் திரும்பிய பிறகு வெளியே கிடைக்கும் "ஆகச் சிறந்தது" பல சமயம் மிகக் குறைவு. அதனால் தராசு ஆய்வின் பக்கம் சாயும். ஆனாலும் முதலில் வெளியே இருப்பதைப் பார்த்துவிடுங்கள். எஃப்.எல்.டி.3 மாறியிருந்தால் கில்டெரிடினிப் மாத்திரை ஏற்கெனவே அனுமதி பெற்றது. 371 பேர் ஆய்வில், கீமோ பெற்றவர்களில் ஒரு வருடம் உயிரோடிருந்தவர்கள் 16.7 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 37.1 சதவீதம். இரண்டு எண்ணுமே மனதைக் கனக்கவைப்பவை. ஆனால் வீட்டிலிருந்தபடி மாத்திரை விழுங்கி இந்தப் பலன் என்பதால், அதை விட்டுவிட்டு முதல் கட்ட ஆய்வுக்குப் போவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

முதல் கட்டம் என்றால் என்ன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அதன் வேலை, எவ்வளவு அளவை உடம்பு தாங்கும் என்று கண்டுபிடிப்பது. பெரும்பாலும் மூன்று பேருக்கு ஓர் அளவு. அவர்கள் தாங்கினால் அடுத்த மூவருக்குக் கூடுதல். ஆரம்ப வரிசையில் சேருபவருக்குப் பக்கவிளைவும் குறைவாக இருக்கலாம், பலனும் குறைவாக இருக்கலாம். "நான் எத்தனையாவது அளவில் சேருகிறேன்? என் அளவில் யாருக்காவது நோய் அடங்கியிருக்கிறதா?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பேன்.

அதற்காக முதல் கட்டம் வெறுங்கை என்றும் ஆகாது. கே.எம்.டி.2ஏ மாற்றம் உள்ள லுகேமியா திரும்பினால் ஒரு காலத்தில் சொல்லிக்கொள்ள மருந்தே இல்லை. ரெவுமெனிப் மாத்திரையின் ஆய்வு முதல் கட்டமாகத்தான் தொடங்கியது. 2023-இல் வெளியான அந்த முதல் கட்ட முடிவில், கணக்கில் எடுத்த 60 பேரில் 30 சதவீதம் பேருக்கு முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ நோய் அடங்கியது. 2024 நவம்பரில் அனுமதியும் கிடைத்தது. சரியான மரபணு, சரியான மருந்து என்று இரண்டும் பொருந்தும்போது முதல் கட்டமும் உண்மையான சிகிச்சையாகிறது. பொருத்தம் எதுவுமின்றி, எந்த நோயாளியும் சேரலாம் என்று திறந்து வைத்திருக்கும் முதல் கட்ட ஆய்வை அதே தட்டில் வைக்கக் கூடாது.

கார்-டி சிகிச்சையையும் சிலர் இப்போது கேட்கிறார்கள். நோயாளியின் டி-செல்லை எடுத்து, லுகேமியாவை அடையாளம் காணும்படி மாற்றி, பெருக்கித் திரும்ப ஏற்றுவது. 2012-இல் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமி, இரண்டு முறை நோய் திரும்பிய பிறகு, பிலடெல்ஃபியாவில் இந்த ஆய்வில் சேர்ந்த முதல் குழந்தை. தீவிர சிகிச்சையில் உயிருக்குப் போராடி மீண்டாள். பத்து வருடம் கழித்தும் நோய் இல்லை. பிறகு நடந்த பெரிய ஆய்வில் 81 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் அடங்கியது. ஆனால் அந்த 81 சதவீதம், செல் ஏற்றப்பட்ட 75 பேரின் கணக்கு. ஆய்வில் சேர்ந்தவர்கள் 92 பேர். மீதி 17 பேரில் சிலர் செல் தயாராகும் முன்பே இறந்துபோனார்கள்; சிலருக்குச் செல் சரியாகத் தயாராகவில்லை. ஏற்றியவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் ஐ.சி.யு.வுக்குப் போக வேண்டிவந்தது. ஆகவே கார்-டி-யை, நாளையே தொடங்கக்கூடிய பிளினாடுமோமாப்போடு ஒப்பிடும்போது "செல் தயாராகும் வாரங்களில் நோயை எதை வைத்துப் பிடித்து நிறுத்துவீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. நோய் வேகமாக ஏறுகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பே பெரிய ஆபத்து.

எதுவும் வேண்டாம், வலியில்லாமல், வீட்டில் எல்லோரோடும் இருந்தால் போதும் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதுவும் ஒரு முழு முடிவு. அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல விடாதீர்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: வலி நிவாரணக் குழுவைக் கூப்பிட கடைசிவரை காத்திருக்கத் தேவையில்லை. தீவிரக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 160 ஏ.எம்.எல். நோயாளிகளில் நடந்த ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே அந்தக் குழுவும் சேர்ந்து கவனித்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஆய்வு மருந்தையும் வலி நிவாரணத்தையும் ஒன்றாகவே கேட்கலாம்.

படிவத்தின் பின்பக்கங்கள்

மேல்கோடு கீழ்க்கோடு பார்த்தாகிவிட்டது. அப்புறம் நாள்தோறும் வாழப்போகும் விஷயங்கள். ஆய்வில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எத்தனை முறை, வெளியே இருந்தால் எத்தனை முறை? அக்காவுக்கு இடுப்பெலும்பில் ஊசி போட்ட வலியைவிட, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பதுதான் அதிகக் கொடுமையாக இருந்தது. கூடுதலாக இரண்டு முறை என்று தெரிந்திருந்தால் மனம் தயாராக இருந்திருக்கும். ஆய்வு மருந்தை இலவசமாகத் தருவது வழக்கம். ஆனால் படுக்கை, ரத்தம், கிருமிக்கொல்லி, பயணம் யார் கணக்கு? ஆய்வு மருந்தாலேயே ஏதாவது ஆனால் செலவு யாருடையது? இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு மருந்துக்கே பெரிய தொகை கேட்கும் இடத்தை நான் நம்ப மாட்டேன். அந்த ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு, பொதுப் பதிவேட்டில் நீங்களே பாருங்கள்.

ஸ்டெம் செல் மாற்று உங்கள் பாதையில் இருந்தால், இந்த ஆய்வு அதைத் தள்ளிப்போடுமா, தடுக்குமா என்று கேட்காமல் விடாதீர்கள். இந்த மருந்து எடுத்தவரை அடுத்த ஆய்வில் சேர்க்க மறுப்பார்களா என்பதையும் கேளுங்கள். பல ஆய்வுகளில் அப்படி விதி உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. இது உங்கள் உரிமை. கையெழுத்துப் போட்ட மறுநாளும் அது உங்களிடமே இருக்கும்.

இன்னும் ஒன்று, ஒரு சின்ன அட்டை. ஆய்வில் சேர்ந்ததும் அக்காவுக்கு உள்ளங்கை அளவில் ஒன்று கொடுத்தார்கள். ஆய்வின் பெயர், 24 மணி நேரப் போன் எண், சேர்த்துக் கொடுக்கக் கூடாத மருந்துகள். நோய் அடங்கியபின், இரண்டாவது சுற்றுக் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். ஓர் இரவு காய்ச்சல் 38.6 டிகிரிக்கு ஏறியது. பக்கத்திலிருந்த வேறொரு மருத்துவமனைக்குத்தான் ஓட முடிந்தது. இரவுப் பணி டாக்டர் கிருமிக்கொல்லியோடு பூஞ்சைக்கான மருந்தும் எழுதினார். அக்கா நடுங்கிக்கொண்டே கைப்பையைத் திறந்து, "தம்பி, அந்த அட்டையக் காட்டு" என்றாள். பூஞ்சை மருந்துகள் சில, கல்லீரல் மற்ற மருந்துகளை உடைக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். உடம்பில் மருந்தின் அளவு எகிறும். உதாரணத்துக்கு, வெனடோக்ளாக்ஸின் வழக்கமான 400 மில்லிகிராம், போசகோனசோல் என்ற பூஞ்சை மருந்து சேர்ந்தால் 70 மில்லிகிராமாகக் குறைக்கப்பட வேண்டும், வித்தியாசம் அவ்வளவு. எழுதிய மருந்தின் பெயர் அட்டையிலும் இருந்தது. போன் போட்டோம். ஆய்வு டாக்டர் எடுத்து, கிருமிக்கொல்லியை அந்த நிமிடமே தொடங்கச் சொன்னார். பூஞ்சை மருந்தை மாற்றச் சொன்னார். கேப்சூலை நிறுத்தி வைக்கச் சொன்னார். பணி டாக்டர் மறு பேச்சில்லாமல் சீட்டை அடித்துத் திருத்தி எழுதினார். விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. கேப்சூல் ஆறு நாள் கழித்து மறுபடி தொடங்கியது.